சாலையோரத்து ஊர்களின் நூறாண்டு ஓட்டம்

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் ஓர் ஊரைக் கண்டுபிடிக்கச் சாலையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். செம்மண் சாலையின் இரு பக்கமும் புல்கூரை வேய்ந்த மண்சுவர் வீடுகள் வரிசையாக நிற்கும். ஊர் முடிந்ததும் சில கிலோமீட்டர் தூரம் காடு. பிறகு மறுபடியும் சாலையோரமாக இன்னோர் ஊர். சந்தைக்கு வசதி என்று மக்களாகவே வந்து குடியேறிய இடங்கள் அல்ல இவை. வரி வசூலிக்கவும், வேலைக்கு ஆள் பிடிக்கவும், தலைகளை எண்ணவும் சுலபமாக இருக்கும் என்பதற்காகப் பிரெஞ்சுக் காலனி அரசு அவர்களைக் காட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்து சாலையோரம் நிறுத்தியது.

இன்று ஆயுதம் ஏந்தியவர்கள் வருவதும் அந்தச் சாலை வழியேதான். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஊர் காலியாகிறது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட பாத்திரத்தையும் பாயையும் தூக்கிக்கொண்டு, மக்கள் சாலைக்கு முதுகைக் காட்டிக் காட்டுக்குள் ஓடுகிறார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் எங்கிருந்து இழுத்து வரப்பட்டார்களோ, அங்கேயே போய் ஒளிகிறார்கள்.

ஐம்பது லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்களைக் கொண்ட நாடு அது. அண்மை ஆண்டுகளில் அவர்களில் சுமார் 5 லட்சம் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்து வாழ்கிறார்கள். ஏறத்தாழ 7 லட்சம் பேர் கேமரூன், சாட், காங்கோ ஜனநாயகக் குடியரசு போன்ற அண்டை நாடுகளில் அகதிகள். ஐந்தில் ஒருவருக்கு மேல் வீட்டில் இல்லை. இந்த அவலத்தை 2012 இறுதியில் வெடித்த உள்நாட்டுப் போரின் விளைவு என்றே உலகச் செய்திகள் சொல்லி வருகின்றன. போர் நின்றால் மக்கள் வீடு திரும்பிவிடுவார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் நம்பிக்கை.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் படித்தால் அந்த நம்பிக்கை நிற்காது. அந்த மண்ணில் ஆட்சி என்று எது வந்ததோ, அது மக்களைப் பெயர்க்கும் சக்தியாகவே வந்திருக்கிறது. அடிமை வியாபாரி, ரப்பர் கம்பெனி, காலனி அதிகாரி, அதிபரின் காவற்படை, கிளர்ச்சிக் குழு என்று ஆள்தான் மாறியது. ஓடி ஒளிவது அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற தற்காப்பு. ஆகவே அந்த நாட்டின் இடப்பெயர்வை ஓர் அவசர நிலையாக மட்டும் பார்த்துக் கூடாரமும் மாவும் அனுப்பி முடித்துவிட முடியாது. தன்னைக் கண்டு மக்கள் ஓடத் தேவையில்லாத ஓர் அரசு அங்கே உருவாக வேண்டும். அதுவரை எந்தத் திரும்புதலும் அடுத்த ஓட்டத்துக்கு முந்தைய ஓய்வாகவே இருக்கும்.

நாட்டின் கிழக்கே இன்றும் பல மணி நேரம் பயணம் செய்தாலும் ஊர் தென்படாத பரப்புகள் உண்டு. வறண்ட பாலை அல்ல, ஆறும் காடும் உள்ள நிலம். அங்கே ஆள் இல்லாமல் போனதற்குப் பெரிய காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அடிமை வேட்டை. வடகிழக்கில் ந்தேலே ஊரைத் தலைநகராகக் கொண்டு தார் அல்-குத்தி என்ற அரசை ஆண்ட சுல்தான் அல்-சனூசி, சுற்றுப்புறத்து மக்களைச் சூறையாடிப் பிடித்து வடக்கே விற்றார். பலரைத் தன் தலைநகரைச் சுற்றிய வயல்களில் குடியேற்றி உழைக்க வைத்தார். 1911-இல் பிரெஞ்சுப் படையினர் அவரைக் கொன்றபோது கிழக்குப் பகுதி ஏற்கெனவே காலியாகிவிட்டிருந்தது. தப்பித்தவர்கள் மேற்கே நகர்ந்தார்கள், அல்லது எளிதில் எட்டமுடியாத இடங்களில் சிதறி வாழப் பழகினார்கள்.

அடிமை வேட்டையை ஒழிக்க வந்தோம் என்று சொன்ன பிரெஞ்சு ஆட்சி, 1899-இல் அந்த நிலத்தைத் துண்டு போட்டுத் தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. உபாங்கி-சாரி என்பது காலனிக் காலத்தில் அந்த நிலத்துக்குச் சூட்டப்பட்ட பெயர். ரப்பரும் யானைத் தந்தமும் கம்பெனிகளுக்கு, வரி அரசுக்கு. இரண்டையும் கொடுக்க வேண்டியவர்கள் ஊர்மக்கள். கொடுக்காமல் காட்டுக்குள் ஓடிய ஆண்களைத் திரும்ப வரவழைக்க அவர்களுடைய பெண்களையும் பிள்ளைகளையும் பிணையாகப் பிடித்து வைக்கும் வழக்கம் வந்தது. 1904-இல் மொங்கும்பா வட்டாரத்திலிருந்து பிடித்துவரப்பட்ட 58 பெண்களும் 10 குழந்தைகளும் இன்றைய தலைநகரான பாங்குயியில் ஒரே கொட்டடியில் அடைக்கப்பட்டார்கள். காற்றும் சோறும் இல்லாமல் 45 பெண்களும் 2 குழந்தைகளும் அங்கேயே இறந்தார்கள்.

வடக்கே போர்ட் கிராம்பெல் என்ற ராணுவ நிலையத்தில் இன்னொரு வகை வதை. சாட் நாட்டை நோக்கிச் சென்ற படைகளுக்கான மூட்டைகளைத் தலையில் சுமந்து நெடுந்தூரம் நடக்க அப்பகுதி மாந்ஜா மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். சுமக்கப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. சுமை வழியை ஒட்டியிருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து மக்கள் காட்டில் மறைந்தார்கள். அங்கும் பெண்கள் பிணையாகப் பிடிக்கப்பட்டார்கள். 1903 ஜூலை 14, பிரெஞ்சுத் தேசிய தினத்தன்று, அந்த நிலையத்துக் கைதி ஒருவரை வெடிவைத்துக் கொன்றார்கள் இரண்டு அதிகாரிகள். செய்தி பாரீசை எட்டி எழுந்த கூச்சலில், காங்கோவைப் பிரான்சுக்குப் பெற்றுத் தந்த பியர் சவோர்ஞான் த பிராசாவே 1905-இல் விசாரிக்க அனுப்பப்பட்டார். கண்டதைக் கண்டு மனம் நொந்த பிராசா, ஊர் திரும்பும் வழியில் டக்காரில் இறந்தார். அவருடைய குழுவின் அறிக்கையை அரசு பூட்டி வைத்தது. அது நூல் வடிவில் வெளிவர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போர்ட் கிராம்பெலின் இன்றைய பெயர் காகா-பந்தோரோ. அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்வோம். இந்த வரலாற்றில் அது மறுபடியும் வரும்.

ரப்பருக்குப் பின் ரயில் வந்தது. காங்கோ-ஓசியன் என்ற பெயரில் பிரசாவில்லிலிருந்து கடற்கரைப் பட்டினமான புவாந்த்-நுவாருக்கு 1921 முதல் 1934 வரை இருப்புப் பாதை போடப்பட்டது. உபாங்கி-சாரியிலும் சாட்டிலும் ஊர் ஊராக ஆள் பிடித்து, சவன்னாப் புல்வெளியில் பிறந்தவர்களை முன்பின் அறியாத மழைக்காட்டுக்கு அனுப்பினார்கள். குறைந்தது 17,000 பேர் அந்த வேலையில் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இந்த ஆள்பிடிப்புக்கு எதிராக 1928-இல் மேற்குப் பகுதி க்பாயா மக்கள் கர்னூ என்பவரின் பின்னால் திரண்டு எழுந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கர்னூ கொல்லப்பட்டார். கிளர்ச்சி அதோடு அடங்கவில்லை. 1931 வரை நீண்ட அந்தப் போரின் கடைசிக் கட்டத்தில் மக்கள் மலைக்குகைகளில் போய்ப் பதுங்கினார்கள்; படை குகை குகையாகத் தேடிப்போய் அவர்களை அழித்தது.

இந்தக் காலத்தில்தான் சாலைகளும் வெட்டப்பட்டன. 1925-இல் அங்கே பயணம் செய்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீத், மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு வண்டி போவதற்காகப் பெண்கள் கைக்குழந்தையோடு மழையில் சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார். 1927-இல் வெளியான அவருடைய காங்கோப் பயண நூல் பிரான்சில் விவாதத்தைக் கிளப்பியது. ஆனால் சாலை வேலை நிற்கவில்லை. சாலையோரத்துக்கு ஊர்களை நகர்த்தும் வேலையும் நிற்கவில்லை. பருத்தியைக் கட்டாயப் பயிராக்கியபோது மக்கள் ஒரே இடத்தில், கண்ணுக்கு எட்டும்படி இருப்பது ஆட்சிக்கு இன்னும் அவசியமாயிற்று. தூக்க நோய்க்கு மருத்துவம் பார்க்க வந்த குழுக்களும் அந்தச் சாலை வழியே வந்தன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாலை என்றால் வரியும் சாட்டையும் என்ற பாடம் அதற்கு முன்பே மனத்தில் பதிந்துவிட்டது.

1960 ஆகஸ்ட் 13 அன்று சுதந்திரம் வந்தது. நாட்டை ஒன்றாகக் கட்டி எழுப்பியிருக்கக்கூடிய தலைவர் பார்த்தெலெமி போகண்டா அதற்கு முந்தைய ஆண்டே விமான விபத்தில் இறந்துவிட்டார். அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1965-ஆம் ஆண்டின் கடைசி இரவில் பொக்காசா ஆட்சியைப் பிடித்தார். 1977-இல் தன்னைப் பேரரசராக முடிசூட்டிக்கொண்டார். 1979-இல் பிரெஞ்சுப் படை அவரை இறக்கியது. கொலிங்பா, பத்தாசே, பொசிசே என்று பிறகும் ஆட்சிகள் மாறின. பெரும்பாலும் துப்பாக்கி முனையில்தான் மாறின. பிரான்சைவிடப் பரப்பில் பெரிய அந்த நாட்டில் அரசு என்பது பாங்குயி நகரமும் அதைச் சுற்றிய கொஞ்சம் இடமுமாகச் சுருங்கிக் கிடந்தது. மாவட்டங்களில் ஆசிரியர் இல்லை, மருந்து இல்லை, நீதிபதி இல்லை. தலைநகரத்திலிருந்து வெளியூருக்கு அரசு ஒழுங்காக அனுப்பிய ஒரே பொருள் படைதான்.

2005 முதல் 2007 வரை வடமேற்கில் பாவுவா வட்டாரத்தில் நடந்தது அதற்குச் சான்று. கிளர்ச்சிக் குழுவொன்று அங்கே தலையெடுத்தது. பதிலடி என்ற பெயரில் அதிபரின் காவற்படை சாலை வழியே வண்டிகளில் வந்து, இருபுறமும் இருந்த ஊர்களைக் கொளுத்திக்கொண்டே போனது. 10,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2007-இல் ஆவணப்படுத்தியது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தார்கள். உலகம் அவர்களைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் படம் பிடிக்க முகாம் இல்லை. தங்கள் வயல்களுக்கு அருகே, சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, இலைதழையால் குடிசை போட்டுக்கொண்டு அவர்கள் காட்டிலேயே இருந்தார்கள்.

அந்தக் காட்டு வாழ்க்கையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மரவள்ளிதான் அம்மக்களின் சோறு. அங்கே அதிகம் விளையும் கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. கிழங்கைச் சில நாள் நீரில் ஊறப்போட்டு, தோலுரித்து, பாறையிலோ சாலை விளிம்பிலோ பரப்பி வெயிலில் காயவைத்து, இடித்து மாவாக்கினால்தான் உண்ண முடியும். ஓடிக்கொண்டிருப்பவருக்கு ஊறவைக்க நாள் கிடைப்பதில்லை. வெள்ளையாகப் பரப்பிக் காயவைத்தால் ஆள் இருக்கும் இடம் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அரைகுறையாகப் பதப்படுத்திய கசப்பு மரவள்ளியையே தொடர்ந்து தின்றால் கால்கள் செயலிழக்கும் கொன்சோ நோய் வரும். ஆப்பிரிக்காவில் போரும் பஞ்சமும் வந்த பல இடங்களில் அது பதிவாகியிருக்கிறது. குட்டையில் எடுத்த நீரைக் கொதிக்க வைக்கப் புகை எழும்ப வேண்டும் என்பதால் அதற்கும் தயக்கம். மலேரியா வந்த குழந்தைக்கு மாத்திரை வாங்கச் சாலைக்குத்தான் வர வேண்டும். இத்தனைக்கும் நடுவே பெற்றோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே ஆசிரியர்களாகி மரத்தடியில் காட்டுப் பள்ளிகள் நடத்தினார்கள். அரசு கைவிட்ட வேலையைத் தலைமறைவு வாழ்க்கையிலும் விடாமல் செய்த அந்த மனிதர்களை வெறும் உதவி பெறுவோர் பட்டியலில் சேர்ப்பது அநீதி.

2012 டிசம்பர் 6 அன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் கம்பாலா உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோரைப் பாதுகாக்கும் கடமையை அரசுகள் மீது சட்டமாகச் சுமத்திய, ஒரு கண்டம் முழுவதுக்குமான முதல் உடன்படிக்கை அது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு அதை ஏற்று உறுதி செய்திருந்த நாடுகளில் ஒன்று. சில நாட்களிலேயே, டிசம்பர் 10 அன்று, செலேக்கா என்ற கிளர்ச்சிக் கூட்டணி வடகிழக்கில் ந்தேலேயைப் பிடித்துத் தலைநகரை நோக்கிக் கிளம்பியது. ஒரு காலத்தில் அல்-சனூசியின் தலைநகராயிருந்த அதே ந்தேலே. பாங்குயி ஆட்சி தலைமுறைக் கணக்காக எட்டிப் பார்க்காத வடகிழக்கின் கோபமும், சாட், சூடான் நாடுகளிலிருந்து வந்த கூலிப்படையினரின் கொள்ளை ஆசையும் அந்தக் கூட்டணியில் கலந்திருந்தன. 2013 மார்ச் 24 அன்று பாங்குயி விழுந்தது. செலேக்காவின் தலைவர் மிஷெல் ஜொத்தோதியா அதிபரானார். செலேக்கா போன வழியெல்லாம் கொலையும் கொள்ளையும் எரிப்பும். அதற்கு எதிர்வினையாக ஆன்டி-பலாக்கா என்ற ஆயுதக் குழுக்கள் கிளம்பின. செலேக்காவில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள் என்பதால், செலேக்கா செய்த குற்றத்துக்கு அண்டை வீட்டு முஸ்லிம் பழிவாங்கப்பட்டார்.

வடமேற்கில் போசங்கோவா என்ற ஊரில் 2013-இன் பிற்பகுதியில் கத்தோலிக்கத் திருச்சபை வளாகத்தில் சுமார் 40,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அதே ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முஸ்லிம்கள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். திருச்சபை வளாகத்தில் இருந்தவர்களுக்குச் சொந்த வீடு நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. இரவு அங்கே போய்ப் படுக்க முடியவில்லை. இடப்பெயர்வு என்றதும் எல்லை தாண்டும் நெடும்பயணம் நம் நினைவுக்கு வருகிறது. அங்கே அது பெரும்பாலும் இப்படித்தான். தன் வீடும் தன் வயலும் கண்ணில் படும் தூரத்தில் இருக்க, அங்கே காலடி வைக்க முடியாத நிலை.

2013 டிசம்பர் 5 அன்று ஆன்டி-பலாக்கா பாங்குயி நகரைத் தாக்கியது. அதே நாளில் ஐ.நா. பாதுகாப்பு அவை ஆப்பிரிக்கப் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் அனுமதி அளித்தது. பிரெஞ்சு வீரர்கள் தங்கியிருந்த ம்போக்கோ விமான நிலையத்தை நோக்கி மக்கள் திரண்டார்கள். உச்சத்தில் சுமார் 1 லட்சம் பேர் அங்கே இருந்தார்கள். பறக்காத பழைய விமானங்களின் இறக்கைக்குக் கீழே பாய் விரித்தார்கள், இறக்கைமீது துணி காயப்போட்டார்கள். பக்கத்திலேயே ஓடுதளத்தில் விமானங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. 2014 ஜனவரியில் நாடு முழுவதும் இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கை 9 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பாதிக்கு மேல் தலைநகரிலேயே இருந்தார்கள்.

ஜனவரி 10 அன்று ஜொத்தோதியா பதவி விலகினார். செலேக்கா பின்வாங்கியதும் முஸ்லிம்கள் வேட்டையாடப்பட்டார்கள். மேற்கின் பல ஊர்களில் அவர்கள் அடியோடு இல்லாமல் போனார்கள். பாங்குயி நகரின் வடக்கு நுழைவாயிலில் பிகே12 என்ற இடத்தில் பல மாதம் முற்றுகைக்குள் கிடந்த சுமார் 1,300 பேரை 2014 ஏப்ரல் 27 அன்று பன்னாட்டுப் படையினர் லாரிகளில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். லாரிகள் நகர்ந்ததும் அவர்களுடைய வீடுகள் சூறையாடப்பட்டன. உயிரைக் காக்க வேறு வழி இல்லை என்றார்கள் பாதுகாத்தவர்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஊரைச் சுத்தப்படுத்த நினைத்த ஆயுதக் குழு விரும்பியதும் அதே முடிவுதான். நாட்டிலிருந்த 436 மசூதிகளில் 417 அழிக்கப்பட்டுவிட்டதாக 2015-இல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் சமந்தா பவர் கூறினார்.

இதை மதப்போர் என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். முஸ்லிம்கள் அங்கே பெரிதும் வியாபாரிகள், வைரத் தரகர்கள், மாடு மேய்க்கும் ம்பொரோரோ மக்கள். காசும் கால்நடையும் அவர்கள் கையில் இருந்தன என்பது, அவர்களை விரட்டியவர்களுக்கு மதத்தைவிட முக்கியமாக இருந்தது. அவர்கள் போனதும் சந்தைகள் படுத்தன. இறைச்சி கிடைக்கவில்லை, உப்பும் சோப்பும் விலை ஏறின, விளைந்த பயிரை வாங்க ஆள் இல்லை. விரட்டப்பட்டவர் மட்டும் ஏழையாகவில்லை, ஊரே ஏழையாயிற்று. ஆயுதக் குழுக்கள் மட்டும் சாலையில் தடுப்பு போட்டுக் காசு பார்த்தன. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஐபிஸ் ஆய்வு நிறுவனம் 2017-இல் நாடெங்கும் 284 சாலைத் தடுப்புகளைக் கணக்கிட்டது. அவற்றில் ஆயுதக் குழுக்களின் தடுப்புகளும் உண்டு, அரசுப் படையினரின் தடுப்புகளும் உண்டு. காபி மூட்டைக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் தனித்தனி வசூல். வரி வாங்கச் சாலையோரம் ஊர் அமைத்த காலனிக் கணக்கை இவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

2014 செப்டம்பரில் ஐ.நா. அமைதிப்படை பொறுப்பேற்ற பிறகும் அடைக்கலம் தேடியவர்களுக்கு அடைக்கலம் உறுதியாகவில்லை. காகா-பந்தோரோவில், பழைய போர்ட் கிராம்பெலில், ஆயர் இல்லத்தை ஒட்டிய இடம்பெயர்ந்தோர் முகாமை 2016 அக்டோபர் 12 அன்று முன்னாள் செலேக்கா ஆட்கள் தாக்கிக் கொளுத்தினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஐ.நா. படைத்தளத்தின் வேலியை ஒட்டிப் புதிதாகக் குடிசை போட்டார்கள். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன் எந்த மண்ணில் பெண்களைப் பிணை வைத்து ஆண்களைச் சுமைக்கு இழுத்தார்களோ, அந்த மண்ணில் இது நடந்தது. 2017 மே மாதம் தென்கிழக்கில் பங்கசூவில் தாக்கப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கக் குருமடத்து வளாகத்தில் தஞ்சம் புகுந்து ஆண்டுக்கணக்கில் அங்கேயே அடைபட்டார்கள். 2018 அக்டோபர் 31 அன்று பத்தங்காஃபோவில் முகாம்கள் எரிக்கப்பட்டபோது 10,000-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குள் ஓடினார்கள். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 15 அன்று, அலிந்தாவோவில் தேவாலய வளாகத்து முகாம் தாக்கப்பட்டுக் குறைந்தது 60 பேர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் இரண்டு பாதிரியார்களும் உண்டு.

2019 பிப்ரவரியில் 14 ஆயுதக் குழுக்களோடு அரசு சமாதான ஒப்பந்தம் செய்தது. 2020 டிசம்பரில் தேர்தலை ஒட்டி அவற்றில் பல குழுக்கள் ஒன்றுசேர்ந்து மறுபடி தலைநகரை நோக்கிக் கிளம்பின. 2021-இல் உள்நாட்டு இடப்பெயர்வு மறுபடி 7 லட்சத்தைத் தாண்டியது. அரசு ரஷ்யாவின் வாக்னர் படையை நம்பியது. கிளர்ச்சியாளர்கள் பல நகரங்களிலிருந்து விரட்டப்பட்டார்கள். கூடவே, அந்தப் படையினரும் அரசுப் படையினரும் பொதுமக்களைக் கொன்றதாக ஐ.நா. வல்லுநர்கள் எச்சரித்தார்கள். மக்களைப் பொறுத்தவரை சாலையில் வரும் வண்டி எந்தக் கொடி கட்டியது என்பது இரண்டாம் பட்சமாயிற்று. 2025-இல் மேலும் இரண்டு பெரிய குழுக்கள் ஆயுதத்தைக் கைவிட ஒப்புக்கொண்டன. வரவேற்க வேண்டிய செய்திதான். ஆனால் இதற்கு முன் எத்தனை ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி எத்தனை முறை மக்கள் காட்டுக்குள் ஓடினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே வரவேற்க வேண்டும்.

நீதியின் பக்கம் ஓர் உண்மையான முன்னேற்றம் உண்டு. பாங்குயியில் உள்நாட்டு, வெளிநாட்டு நீதிபதிகள் சேர்ந்து அமரும் சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம் 2022 அக்டோபரில் முதல் தீர்ப்பை வழங்கியது. வடமேற்கில் 2019 மே மாதம் நடந்த ஊர்ப் படுகொலைகளுக்காக மூவர் தண்டிக்கப்பட்டார்கள். 2025 ஜூலையில் ஹேக் நகரின் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் ஆன்டி-பலாக்கா தலைவர்களான அல்ஃபிரட் யெக்கத்தோமுக்கு 15 ஆண்டும் பத்ரிஸ்-எதுவார் ங்காய்ஸோனாவுக்கு 12 ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தது. நிரூபிக்கப்பட்ட குற்றங்களில் மக்களைக் கட்டாயமாக ஊரைவிட்டுப் பெயர்த்ததும் ஒன்று. இதன் எடையை நாம் உணர வேண்டும். கொலைக்குத் தண்டனை என்பது எல்லோருக்கும் புரியும். ஒருவரை அவருடைய ஊரிலிருந்து விரட்டுவதே தனிக் குற்றம் என்று அம்மக்களின் வழக்கில் சட்டம் சொல்லியிருக்கிறது. பிராசாவின் அறிக்கையைப் பூட்டிவைத்த உலகம் இந்த இடத்துக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இருந்தும் தீர்ப்பு வீடு கட்டித் தராது. ம்போக்கோ முகாம் 2017 தொடக்கத்தில் மூடப்பட்டது. குடும்பங்களுக்குச் சிறு உதவித்தொகை தந்து அனுப்பினார்கள். எங்கே போனார்கள்? சிலருடைய வீடு இடிந்து கூரை, கதவு, செங்கல் எல்லாம் கழற்றிச் செல்லப்பட்டிருந்தது. சிலருடைய வீட்டில் வேறொருவர் குடியிருந்தார். பலர் உறவினர் வீட்டு முற்றத்துக்கோ வாடகை அறைக்கோ போனார்கள். முகாம் மூடியதும் எண்ணிக்கை குறைகிறது, எண்ணிக்கை குறைந்ததும் உதவி குறைகிறது. இடம்பெயர்ந்தோரில் பெரும்பகுதியினர் எப்போதுமே முகாமில் இல்லை; ஏற்கெனவே ஏழையான உறவினர் குடும்பங்கள்தான் அவர்களைத் தாங்குகின்றன. அந்தக் குடும்பங்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

கிராமத்துக்குத் திரும்புவதற்கும் காலம் பார்க்க வேண்டும். மழைக்கு முன், புல் காய்ந்திருக்கும் பருவத்தில் கூரை வேய வேண்டும். ஏப்ரல் மாத மழையோடு நிலக்கடலை விதைக்க வேண்டும். விதையை ஓட்டத்தில் தின்று தீர்த்தவருக்கு யாராவது விதை தர வேண்டும். அந்த ஒரு பருவம் தவறினால் அடுத்த விளைச்சல் வரை ஓராண்டுப் பசி. நன்கொடை நாடுகளின் நிதியாண்டு இந்தப் பருவத்தைக் கேட்டு நகர்வதில்லை. நில உரிமைக்குப் பட்டா இல்லை, ஊர்ப்பெரியவர் சொல்தான் ஆதாரம். அந்தப் பெரியவர் இறந்திருந்தால், அல்லது கேமரூனில் இருந்தால், வழக்கு யாரிடம் போகும்? விரட்டப்பட்ட முஸ்லிம் வியாபாரியின் கடையில் பத்தாண்டாக இருப்பவரை யார் எழுப்புவது?

கம்பாலா உடன்படிக்கை இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலை அரசிடமே கேட்கிறது. திரும்பும் உரிமை, சொத்துத் தகராறைத் தீர்க்கும் அமைப்பு, இழப்பீடு ஆகியவற்றை அது அரசின் கடமையாக எழுதியிருக்கிறது. நாட்டின் சட்டத்திலும் நிதி ஒதுக்கீட்டிலும் அது வந்து சேர வேண்டும். அதற்கான பொறுப்பு பாங்குயியோடு முடிவதில்லை. குத்தகைக் கம்பெனிகளால் செல்வம் சேர்த்து, சுதந்திரத்துக்குப் பிறகும் ஆட்சிகளை ஏற்றி இறக்கிய பிரான்சுக்குப் பொறுப்பு உண்டு. வைரத்தையும் தங்கத்தையும் கைமாற்றிப் பாதுகாப்பு விற்பவர்களுக்கும், எல்லையைத் திறந்துவிட்டு ஆயுதக் குழுக்களை வளர்த்த அண்டை அரசுகளுக்கும் பொறுப்பு உண்டு.

அம்மக்களுக்குள் இதற்கான ஆதாரம் இல்லாமலில்லை. 2013-இல் பாங்குயி பேராயர் தியுதோனே ந்ஸாபலைங்கா, இமாம் உமர் கோபின் லாயாமா, போதகர் நிக்கோலா கெரேகொயாமே மூவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஆயுதத்துக்கு எதிராகப் பேசினார்கள். கொலைவெறி நகரைச் சூழ்ந்தபோது இமாமின் குடும்பம் பேராயர் இல்லத்தில் தங்கியது. 2023-இல் சூடானில் போர் மூண்டபோது, இரண்டு முறை தீக்கும் சண்டைக்கும் இரையாகிச் சிதறிய பிராவோ நகர மக்கள் எல்லை தாண்டி வந்த சூடானியருக்கு இடம் விட்டார்கள். வீடிழப்பது என்னவென்று அறிந்தவர்கள் அவர்கள்.

முகாம்களின் எண்ணிக்கையை வைத்து அமைதியை அளக்கும் பழக்கத்தை உலகம் விட வேண்டும். சாலையோர ஊரில் பள்ளி திறந்து ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் போகிறதா, தடுப்பு போட்டு வசூலித்தவர் சிப்பாயானாலும் தண்டிக்கப்படுகிறாரா, ஓடியவர் தன் நிலத்தைக் கேட்டு வழக்குப் போட ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இவற்றை அமைதிக்குப் பிறகு செய்ய வேண்டிய வளர்ச்சிப் பணிகள் என்று ஒப்பந்தம் எழுதுபவர்கள் தள்ளிவைக்கிறார்கள். இவை இல்லாததனால்தான் ஒவ்வொரு ஒப்பந்தமும் முறிந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாக அம்மக்கள் ஆட்சிக்குப் பயந்து ஓடியிருக்கிறார்கள். தங்களை நம்பலாம் என்று அவர்களுக்கு நிரூபிக்க வேண்டிய கடன் ஆள்பவர்களுடையது. அந்தக் கடனைத் தீர்க்கத் தொடங்காதவரை, திரும்பிப் போங்கள் என்று அம்மக்களிடம் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.